தெருத் துப்புரவும் நகரசபையின் கடமையும்

2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி முதல் சென்னை ரிப்பன் கட்டிடத்தின் எதிரில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்து கிளர்ச்சி செய்ததும், 13-ந் தேதி நள்ளிரவில் உயர் நீதிமன்ற உத்தரவை முன்னிட்டுப் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தியதும் நமது வாசகர்கள் அறிந்த விஷயங்களே. இராயபுரம், திரு.வி.க. நகர் என்னும் இரண்டு மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்ததே அக்கிளர்ச்சிக்குக் காரணம். அப்பொழுது சம்பளத்தைப் பற்றியும், கான்ட்ராக்டைப் பற்றியும், போலீஸ் நடவடிக்கையைப் பற்றியும் வேண்டிய மட்டும் பேசப்பட்டது. ஆனால் அவ்வாதங்களுக்கெல்லாம் அடிப்படையான கேள்வியை எழுப்பினோர் மிகச் சிலர். தெருவைப் பெருக்குவது என்பது எத்தகைய வேலை? அதனால் நகரத்துக்கு விளையும் நன்மை யாது? அதை நன்றாகச் செய்வதற்கும் பேருக்குச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு? இவற்றுக்கு விடை காணாமல் அவ்வேலையை யாரிடம் விடுவது, அதற்கு என்ன கூலி கொடுப்பது என்று தீர்மானிப்பது, சாக்ஷியத்தைக் கேளாமலே தீர்ப்பெழுதுவதை ஒக்கும்.

தெருப் பெருக்குதல் கண்ணுக்கு அழகு செய்யும் வேலை என்பதே பெரும்பாலோர் எண்ணம். காகிதமும் இலையும் வாழைப்பழத் தோலும் கண்ணில் படாமல் போனால் தெரு சுத்தமாயிற்று என்று திருப்தி அடைகிறோம். விளக்குமாறு பிடிக்கத் தெரிந்த எவரும் அதைச் செய்யலாம் என்றும், அதில் கற்றுக்கொள்ளத் தக்கது ஒன்றுமில்லை என்றும் படித்தவர்களே நினைக்கிறார்கள். இவ்விரண்டு எண்ணங்களும் பிழையானவை. தெருவைப் பெருக்குதல் வெள்ளத் தடுப்பு வேலை. நோய்த் தடுப்பு வேலை. ஆற்றையும் கடலையும் காக்கும் வேலை. விபத்தைக் குறைக்கும் வேலை. இத்தனை பலனும் கிடைக்க வேண்டுமானால் அது பயிற்சியுள்ளவர்களால், தக்க கருவிகளைக் கொண்டு, தக்க வேளையில் முறைப்படி செய்யப்பட வேண்டும். ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதலாவது மழை. சென்னை சமதரையான நகரம். கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் அதன் நீரைச் சுமந்து கடலுக்குச் செல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று சில மணி நேரத்தில் கொட்டிவிடும் நீர், சாலை ஓரத்துத் தொட்டிகளின் வழியாகவே மழைநீர் வடிகாலில் இறங்க வேண்டும். அத்தொட்டியின் வாயை அடைப்பது எது? ஆறு மாதமாகச் சாலை விளிம்பில் சேர்ந்து கிடந்த மணலும், சருகும், தேநீர்க் குவளைகளும், பிளாஸ்டிக் உறைகளுமே. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரம் பட்ட பாட்டுக்கு ஏரிகளின் நிலையும், ஆக்கிரமிப்புகளும், அளவு மீறிய மழையும் பெருங் காரணங்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. துடைப்பத்தால் பெருவெள்ளத்தைத் தடுத்துவிடலாம் என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் சாதாரண மழைக்கே முழங்கால் அளவு நீர் தேங்கும் தெருக்கள் நகரத்தில் எத்தனை! கோடிக்கணக்கான ரூபாய் செலவிட்டு வடிகால் கட்டுகிறோம். பருவமழைக்கு முன் வருஷந்தோறும் அதில் இறங்கிய வண்டலை வாரி எடுக்கிறோம். சாலை விளிம்பில் கைப்பிடி மணலாக இருக்கும்பொழுதே எடுத்திருந்தால், பாதாளத்தில் வண்டி வண்டியாக எடுக்கும் செலவு மிகவும் குறைந்திருக்கும்.

இரண்டாவது ஆரோக்கியம். எறிந்து கிடக்கும் குவளையிலும், இளநீர்க் கூட்டிலும், பழைய டயரிலும் தேங்கும் சிறிதளவு நல்ல நீரே டெங்கு பரப்பும் கொசுவுக்குப் பிறப்பிடம். தெருவில் கிடக்கும் எச்சில் உணவே எலிக்கு இரை. எலியின் சிறுநீர் கலந்த மழை நீரில் நடப்போருக்கு எலிக் காய்ச்சல். இவை எல்லாரும் அறிந்தவை. அதிகம் கவனிக்கப்படாதது தூசி. இந்திய நகரங்களின் காற்றில் மிதக்கும் பருந்துகளில் சாலைத் தூசிக்குப் பெரும் பங்கு உண்டென்று பல நகரங்களில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. 2019-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் யந்திரத்தால் சாலை பெருக்குவதற்கு இடங் கொடுக்கப்பட்டிருப்பதும் அதனாலேயே. வண்டிகள் ஓட ஓட அத்தூசி எழும்பி எழும்பி நமது நுரையீரலில் சேர்கிறது. இருசக்கர வண்டியில் செல்வோர் மேம்பாலத்தின் வளைவிலும், நடுச் சுவரின் ஓரத்திலும் சேர்ந்த மணலில் சறுக்கி விழுவது நாள்தோறும் காணும் காட்சி. அங்கே ஒரு துடைப்பம் செய்யும் உபகாரம் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் செய்யும் உபகாரத்துக்குக் குறைந்ததன்று.

மூன்றாவது நீரின் தூய்மை. இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டார் செய்த ஆராய்ச்சிகள் நமக்கு மிகவும் பயன்படத் தக்கவை. 1972-ம் வருஷத்தில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்ஸிக்காக ஸார்ட்டர், பாய்ட் என்னும் இருவர் பல நகரங்களின் தெருக் குப்பையை அள்ளி, சலித்து, நிறுத்து, சோதித்து ஓர் அறிக்கை தயாரித்தனர். அதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. தெருவிலுள்ள கழிவில் முக்கால் பங்குக்கு மேல் விளிம்புக் கல்லிலிருந்து ஆறு அங்குலத்துக்குள்ளேயே கிடக்கிறது என்பது ஒன்று. தலைமயிரின் பருமனிலும் குறைந்த மிக நுண்ணிய தூளானது எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு மாத்திரமே ஆயினும், தெருவிலுள்ள நச்சு உலோகங்களில் பாதிக்கு மேல் அதிலேதான் ஒட்டியிருக்கிறது என்பது மற்றொன்று. அக்காலத்துத் துடைப்ப யந்திரங்கள் பெரிய குப்பையை வாரின. இந்த நுண்தூளில் பெரும் பகுதியைத் தெருவிலேயே விட்டுச் சென்றன. ஆகவே கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றிய தெரு, மழை பெய்தவுடன் நஞ்சை ஆற்றுக்கு அனுப்பியது.

இதனை ஆதாரமாகக் கொண்டு, பெருக்குவதால் ஆற்றுக்குப் பிரயோஜனமில்லை என்று வாதிப்போரும் உண்டு. அமெரிக்க சர்க்கார் 1983-ல் வெளியிட்ட ஓர் அறிக்கை, அப்பொழுது வழங்கிய முறையில் தெருப் பெருக்குவதால் மழை நீரின் தரம் குறிப்பிடத் தக்க அளவு திருந்தவில்லை என்றே கூறிற்று. அவ்வாதத்தை நாம் ஒதுக்கிவிடவில்லை. அதிலிருந்து கொள்ள வேண்டிய முடிவு வேறென்பதே நமது அபிப்பிராயம். அரைகுறையாகப் பெருக்கினால் அரைகுறைப் பலனே என்பதைத்தான் அவ்வறிக்கை நிரூபிக்கிறது. அதற்குப் பின்பு காற்றால் உறிஞ்சும் யந்திரங்கள் சீர்திருந்தி, நுண்தூளையும் எடுக்க வல்லனவாயின. அவற்றையும் மெதுவாக ஓட்ட வேண்டும். விளிம்பை ஒட்டி ஓட்ட வேண்டும். மழைக்கு முன் ஓட்ட வேண்டும். இவற்றைச் செய்யாமல் நடுச்சாலையில் வேகமாக ஓட்டிக் கிலோ மீட்டர்க் கணக்கு மாத்திரம் எழுதுவது, வரி கொடுப்போரின் பணத்தைத் தூசியோடு பறக்க விடுவதாகும்.

மோட்டார் வண்டி நிறுத்தும் இடங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தெருவில் வண்டி ஓடிச் செல்கிறது. நிறுத்துமிடத்தில் மணிக் கணக்காக நின்று எண்ணெயைச் சொட்டுகிறது. திரும்பும்பொழுதும் நிற்கும்பொழுதும் டயரின் ரப்பரும் பிரேக்கின் உலோகத் தூளும் உதிர்கின்றன. இந்த ரப்பர்த் தூளை அற்பமென்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் மழை பெய்தவுடன் ஓடைகளில் கோஹோ என்னும் ஸால்மன் மீன்கள் கூட்டங் கூட்டமாக இறந்து வந்ததற்குக் காரணம் நெடுநாள் விளங்காமல் இருந்தது. டயர் கெட்டுப் போகாமலிருக்கச் சேர்க்கும் ஒரு ரஸாயனப் பொருள் காற்றோடு கலந்து மாறி உண்டாகும் நஞ்சே அது என்று 2020-ம் வருஷத்தில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரம், வண்டி நிறுத்துமிடங்களின் தளத்தில் பூசி வந்த நிலக்கரித் தார்ப் பூச்சினால் ஓடைகள் கெடுவதைக் கண்டு 2006-ல் அப்பூச்சையே தடை செய்தது. வண்டிகள் வந்து நிற்கும் தளம் வெறுந் தரையன்று. மழைக்காகக் காத்திருக்கும் நஞ்சுக் களஞ்சியம் என்பதற்கு இவை சாக்ஷி.

நமது ஊர்களில் கல்யாண மண்டபம், சினிமாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, பெரிய துணிக்கடை, நகைக்கடை, வணிக வளாகம் ஆகிய எல்லாவற்றுக்கும் வண்டி நிறுத்துமிடம் உண்டு. பலவற்றில் கட்டணமும் வாங்குகிறார்கள். அவ்விடங்களைச் சுத்தம் செய்வதற்கு அவர்கள் கைக்கொள்ளும் வழி யாது? குழாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சி, எண்ணெயையும் தூளையும் குப்பையையும் வாசலுக்கு வெளியே தள்ளி, மழைநீர் வடிகாலில் இறக்கிவிடுவதே. தங்கள் தரை சுத்தமாகிறது. நகரத்தின் வடிகால் கெடுகிறது. குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் நகரத்தில் இதற்காக நீரையும் பாழாக்குகிறார்கள். உலர்ந்த நிலையில் பெருக்கி வாரி எடுத்து, எண்ணெய் சொட்டிய இடத்தில் மரத்தூளோ மணலோ தூவி உறிஞ்சச் செய்து, அதையும் வாரித் தனியே ஒப்படைப்பதே முறை. பெரிய நிறுத்துமிடம் வைத்திருப்போர் அதனை வாரந்தோறும் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பெருக்க வேண்டுமென்பதை லைசென்ஸின் நிபந்தனையாக்க வேண்டும். இங்கே தனியார் கம்பெனிகள் தொழில் நடத்துவதற்கு நமக்கு ஆக்ஷேபம் கிடையாது. தமது சொத்தைச் சுத்தம் செய்ய எவரை அமர்த்தினாலும், அது அச்சொத்துக்காரரின் செலவு. கார்ப்பொரேஷன் கேட்க வேண்டியது வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதும், செய்வோருக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா என்பதுமே.

இனித் தெருவில் நிற்கும் வண்டிகள். கழிவில் பெரும் பகுதி விளிம்பிலிருந்து ஆறு அங்குலத்துக்குள் கிடக்கிறது என்று கண்டோம். அந்த ஆறு அங்குலத்தின்மேல் இரவும் பகலும் கார்கள் நிற்குமானால், உலகத்திலுள்ள எந்த யந்திரமும் எந்தத் துடைப்பமும் அதைத் தொட முடியாது. நியூயார்க் நகரம் இந்தச் சிக்கலை மோட்டார் வண்டி வருவதற்கு முன்னமே அனுபவித்தது. அந்நகரத்தின் வண்டிக்காரர்கள் மாலையில் குதிரையை அவிழ்த்துக் கொண்டு, வண்டியைத் தெருவோரத்திலேயே விட்டுச் செல்வது வழக்கம். 1895-ம் வருஷம் ஜனவரியில் துப்புரவுக் கமிஷனராக நியமிக்கப்பட்ட கர்னல் ஜார்ஜ் வேரிங் என்பவர் அவ்வண்டிகளை அகற்ற உத்தரவிட்டார். ஆயிரக்கணக்கான வண்டிக்காரர்கள் கூச்சலிட்டார்கள்; ஓட்டுப் போய்விடும் என்று கக்ஷிக்காரர்கள் அஞ்சினார்கள். வேரிங் அசையவில்லை. வண்டிகள் அகன்ற தெருக்களைத் துடைப்பம் எட்டிற்று; குழந்தைகளுக்கு விளையாட இடமும் கிடைத்தது. அதே நகரம் 1950-ல், வாரத்தில் குறித்த நாளில் குறித்த நேரம் தெருவின் ஒரு பக்கத்தில் வண்டி நிறுத்தக் கூடாதென்றும், வேறு நாளில் மறுபக்கத்தில் கூடாதென்றும் விதி செய்தது. இன்றும் அந்நகரத்தார் அவ்விதிக்கு முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படிகிறார்கள். தியாகராய நகரிலும், மயிலாப்பூரிலும், அண்ணா நகரிலும் வாரத்தில் இரண்டு மணி நேரம் இப்படிச் செய்வது அசாத்தியமா? பலகை நாட்டவும், விதியை அமல் நடத்தவும் வேண்டிய மனவுறுதி ஒன்றே வேண்டும்.

வேரிங் செய்த மற்றொரு காரியம் இதனினும் பெரிது. அவர் வருவதற்கு முன் அந்நகரத்துத் துப்புரவு இலாகா, வெற்றி பெற்ற கக்ஷி தன் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் சத்திரமாக இருந்தது. வேலை செய்வோருக்கு மதிப்பில்லை, வேலைக்கும் ஒழுங்கில்லை. வேரிங் அவர்களுக்கு வெண்ணிற உடை கொடுத்தார். குப்பை வாருபவனுக்கு வெள்ளை உடையா என்று ஊரார் சிரித்தார்கள். வைத்தியரைப் போல் இவர்களும் ஆரோக்கியத்தைக் காப்பவர்கள் என்பதை அவ்வுடை சொல்லிற்று. வேலையை ஒளித்து மறைக்க முடியாமலும் செய்தது. 1896-ல் அவர்கள் அணிவகுத்து நகர வீதிகளில் சென்றபொழுது, சிரித்த ஜனங்களே கைகொட்டினார்கள். தொழிலாளர் தமக்குள் 41 பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு கமிட்டி அமைத்தார்கள். அவர்களில் ஐவரும் அதிகாரிகளில் ஐவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து குறைகளைத் தீர்க்க ஒரு சபை ஏற்பட்டது. கடுமையான ஒழுங்கை விதித்த ஒரு பழைய யுத்தவீரர், அதே கையால் தொழிலாளரின் குரலுக்கும் இடங் கொடுத்தார் என்பது நமது அதிகாரிகள் கவனிக்கத் தக்கது. மூன்று வருஷத்துக்குள் அந்நகரம் அடையாளம் தெரியாதபடி மாறிற்று. 1897-ம் வருஷத்துடன் அவரது உத்தியோகம் முடிந்தது. மறுவருஷம் ஹவானாவின் சுகாதார நிலையை ஆராயச் சென்று மஞ்சள் காய்ச்சல் கண்டு இறந்தார்.

நமது நாட்டில் இவ்வேலைக்குள்ள தடை வேறு வகையானது, அதிகக் கொடியது. அங்கே ஏழையின் வேலையாக இருந்தது, இங்கே பிறப்பின்மேல் சுமத்திய வேலையாக இருந்து வந்திருக்கிறது. தந்தை பெருக்கினார், மகன் பெருக்குகிறான், பேரனையும் பெருக்க வைக்கச் சமூகம் காத்திருக்கிறது. இன்னாருக்கு என்று ஒதுக்கிய வேலையில் திறமையை யாரும் தேடுவதில்லை. ஆகவே திறமைக்குரிய கூலியையும் யாரும் கொடுப்பதில்லை. 1901-ம் வருஷத்துக் கல்கத்தாக் காங்கிரஸில் காந்தியடிகள் தாமே துடைப்பம் எடுத்து மலக்கூடத்தைச் சுத்தம் செய்ததற்கு இதுவே காரணம். வேலையில் இழிவில்லை, ஒரு கூட்டத்தாரின் தலையில் அதைக் கட்டியதே இழிவு என்பதை அவர் செய்கையால் காட்டினார். அதன்பின் நூற்றாண்டுக்கு மேல் சென்றுவிட்டது. தோட்டி என்ற பெயர் போய்த் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் வந்தது. அதுவும் போய்த் தூய்மைப் பணியாளர் என்ற பெயர் வந்திருக்கிறது. பெயர் மாறியது நல்லதே. 2020-ல் தொற்றுநோய் பரவிய காலத்தில் மாலை போட்டதும் நல்லதே. ஆனால் கையிலுள்ள ஈர்க்கு விளக்குமாறு மாறவில்லை. மூக்கில் ஏறும் தூசி மாறவில்லை. கையுறை கிழிந்தால் புதியது வரும் நாள் நிச்சயமில்லை. வார்டில் உடை மாற்ற ஓர் அறையும், பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் பல இடங்களில் இல்லை.

முறையான தொழிலாக இதை ஆக்க வேண்டும் என்று நாம் சொல்வதன் பொருள் இதுவே. தொழில் என்றால் எந்த ஜாதியாரும் விரும்பி வரத்தக்க சம்பளமும், கற்கத்தக்க பயிற்சியும், ஏறத்தக்க பதவிப் படிகளும் இருக்க வேண்டும். யந்திரம் ஓட்டும் வேலையை வெளியிலிருந்து வருபவருக்குக் கொடுத்து, இருபது வருஷம் பெருக்கியவரை வீட்டுக்கு அனுப்புவது சீர்திருத்தமாகாது. அகன்ற சாலைகளையும் மேம்பாலங்களையும் இரவில் யந்திரம் பெருக்கட்டும். அதனை ஓட்டவும் பழுது பார்க்கவும் இப்பொழுதுள்ள தொழிலாளரையும் அவர்கள் பிள்ளைகளையும் பழக்குக. குறுகிய சந்துகளில் கைத்துடைப்பத்துக்கே வேலை உண்டு. அங்கேயும் குனிந்து இடுப்பொடியாதபடி நீண்ட பிடியும், தூசி எழாதபடி சிறிது நீர் தெளிக்கும் வசதியும், சுமை இழுக்க பேட்டரி வண்டியும் கொடுக்க வேண்டும். யந்திரம் மனிதனை விரட்டுவதற்கன்று, அவன் நுரையீரலைக் காப்பதற்கு என்ற கொள்கை நிலைபெற வேண்டும்.

கான்ட்ராக்ட் முறைக்கு வருவோம். 2000-ம் வருஷத்திலிருந்து சென்னையின் பல பாகங்களில் ஒரு கம்பெனிக்குப் பின் மற்றொரு கம்பெனி இவ்வேலையைச் செய்து வந்திருக்கிறது. தனியார் திறமையாகச் செய்வார்கள், செலவு குறையும் என்பது அதிகாரிகளின் வாதம். வக்கீல் என்ற முறையில் நாம் முதலில் கேட்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே. எடைக்குக் கூலி என்று எழுதினால், கம்பெனி கனமானதையே தேடும்; இடிந்த கட்டிடத்தின் மண்ணும் கல்லும் லாரியில் ஏறும்; எடையில் அற்பமும் நஞ்சில் அதிகமுமான நுண்தூள் தெருவிலேயே கிடக்கும். தூரத்துக்குக் கூலி என்று எழுதினால் யந்திரம் வேகமாக ஓடும். தெருவின் சுத்தத்துக்குக் கூலி என்று எழுதி, அதைச் சோதிக்கக் கார்ப்பொரேஷனுக்கு அறிவும் ஆளும் இருந்தாலன்றி, ஒப்பந்தம் காகிதத்தில் மாத்திரமே வெற்றி பெறும். அவ்வளவு அறிவும் ஆளும் வைத்திருக்கும் கார்ப்பொரேஷன், வேலையையும் தானே செய்துவிடலாமே! சர்க்காரின் தூய்மைப் போட்டியில் 2017 முதல் தொடர்ந்து எட்டு முறை முதலிடம் பெற்ற இந்தோர் நகரம் தன் துப்புரவைப் பெரும்பாலும் நகரசபையின் நேர்ப் பொறுப்பிலேயே நடத்திக் காட்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் செலவு குறைகிறதென்றால் எங்கே குறைகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் விலை கம்பெனிக்காகக் குறையாது. லாரி விலை குறையாது. குறையக் கூடியது தொழிலாளியின் கூலியே. இராயபுரத்துத் தொழிலாளர்கள் அஞ்சியதும் அதையே.

சட்டத்தின் நிலையும் யோசிக்கத் தக்கது. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தத்தால் சேர்ந்த பன்னிரண்டாவது அட்டவணை, பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு நிர்வாகம் ஆகியவற்றை நகரசபைகளுக்குரிய காரியங்களில் ஆறாவதாகக் குறிக்கிறது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த, 2020-ம் வருஷத்துத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு, ஒரு ஸ்தாபனத்தின் மூலாதாரமான வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆட்களை வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. பெருக்குதலும் கழிவகற்றுதலும் மூலாதார வேலை ஆகமாட்டா என்று அது ஒரு விலக்குக் கூறுவது மெய். ஆனால் அந்த ஸ்தாபனம் அவ்வேலைக்காகவே ஏற்பட்டதாக இல்லாவிடில்தான் அவ்விலக்கு. ஒரு பாங்கிக்கோ நூற்பாலைக்கோ பெருக்குதல் பக்க வேலையாக இருக்கலாம். நகரசபைக்கு அப்படிச் சொல்ல முடியுமா? தெருவும் வடிகாலும் துப்புரவும் நீங்கினால் நகரசபையில் எஞ்சுவது எது? நீதிமன்றங்கள் என்ன சொல்லுமோ அது அவற்றின் காரியம். சட்டத்தின் உட்கருத்து தொழிலாளர் பக்ஷமாகவே இருக்கிறது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

பணமில்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறோம். அப்பதிலுக்கு 1980-ம் வருஷத்திலேயே தீர்ப்புக் கிடைத்துவிட்டது. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரத்தார் திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காமல் வழக்காடியபொழுது, நகரசபை தன்னிடம் பணமில்லை என்று வாதித்தது. ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் தலைமையில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஒப்பவில்லை; சுகாதாரம் காக்கும் கடமையிலிருந்து பணமுடையைச் சொல்லித் தப்ப இயலாது என்று முடிவு செய்தது. பணத்துக்கு வழியும் இல்லாமலில்லை. தெருவோரத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கினால் அதில் ஒரு பங்கை அத்தெருவைப் பெருக்கவே ஒதுக்கலாம். வடிகாலில் வண்டல் எடுக்கும் செலவு குறைவதையும், மருந்துச் செலவு குறைவதையும் கணக்கில் சேர்த்தால், துப்புரவுக்குச் செலவிடும் ரூபாய் விருதாவாகப் போவதில்லை என்பது விளங்கும்.

திரு.வி.க. நகர் என்ற பெயரை நினைக்கும்தோறும் நமக்கு ஓர் எண்ணம் எழுகிறது. 1918-ம் வருஷத்தில் வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவப் பாடுபட்டவர் திரு.வி. கலியாணசுந்தர முதலியார். பத்திரிகாசிரியராயும் தேச பக்தராயும் இருந்த அப்பெரியார், சுயராஜ்யம் என்பதில் ஆலைத் தொழிலாளியின் கஞ்சியும் அடங்கியிருக்கிறது என்று உணர்ந்தவர். அவர் பெயர் தாங்கிய மண்டலத்தின் தெருக்களைப் பெருக்குவோர் தமது வேலை யாருடையது என்று தெரியாமல் நடைபாதையில் பதின்மூன்று நாள் கிடந்தார்கள். பெயர் சூட்டுவதால் மாத்திரம் பெரியோரைக் கௌரவித்ததாகாது.

நாம் வற்புறுத்துவன இவை. துப்புரவைக் கார்ப்பொரேஷன் தன் மூலாதாரமான வேலையாக ஏற்று, அதைச் செய்வோரைத் தன் ஊழியராகக் கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும், கருவியும், பதவி உயர்வும், வருஷந்தோறும் நுரையீரல் சோதனையும் ஏற்படுத்த வேண்டும். ஒவ்வொரு மண்டலத்திலும் தொழிலாளர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் அதிகாரிகளும் சமமாக அமரும் சபை அமைக்க வேண்டும். பருவமழைக்கு முந்திய இரண்டு மாதங்களில் சாலை விளிம்பும் வடிகால் வாயும் இருமடங்கு கவனத்தோடு பெருக்கப்பட வேண்டும். தெருவின் ஒரு பக்கம் முறை வைத்து வண்டியின்றி விடப்பட வேண்டும். தனியார் நிறுத்துமிடங்கள் உலர்முறையில் சுத்தம் செய்யப்பட வேண்டும்.

நமது வாசகர்களில் பலர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 முதல் சென்னையின் 200 வார்டுகளுக்கும் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் இருக்கும்படியாயிற்று. பகுதி சபைகளும் அவ்வருஷத்தில் தொடங்கின. அச்சபைகளுக்குச் சென்று பேசுவோர் பெரும்பாலும் குழாயையும் விளக்கையும் பற்றியே பேசுகிறார்கள். இனிமேல் துப்புரவைப் பற்றியும் கேளுங்கள்: நமது வார்டில் பெருக்குவோர் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் கிடைக்கிறது, யந்திரம் எந்தத் தெருவுக்கு எந்த நாளில் வருகிறது, வடிகால் வாயைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்பொழுது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வீடு திரும்பி, உங்கள் காரை விளிம்பிலிருந்து எடுத்து வேறிடத்தில் நிறுத்துங்கள். கடையின் குப்பையைத் தெருவில் தள்ளும் அண்டை வீட்டாரிடம் நயமாகச் சொல்லுங்கள். விடியற்காலையில் உங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாளின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த ஐப்பசி மழைக்குள் இவற்றில் பாதியாவது நடக்குமானால், நகரசபையும் கண்விழிக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.